ஒரு டிலே, ஒரு சின்த், 38,000 ரூபா

போன வருசம் எங்கட கீபோர்ட்காரன் ஸ்டூடன்ட் விசாவில் லண்டன் போய்விட்டான். கட்டுநாயக்காவுக்குப் போகிற வானில் ஏறும்வரைக்கும் "லீவில வருவன் மச்சான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். இப்போதைக்கு வரமாட்டான் என்று அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். டிக்கெட் காசில் ஒரு பகுதிக்குக் கீபோர்ட்டை விற்றிருந்தான். அதனால் ஆளோடு சேர்த்து வாத்தியமும் போனது. நாலு பேராக இருந்த நாங்கள் மூன்று பேரானோம்: ஒரு கிட்டார், ஒரு பேஸ், ஒரு ட்ரம்ஸ்.

இதை மூன்று பேரும் ஒரே அறையில் இருந்துதான் எழுதுகிறோம். ஒருவர் தட்டச்சு செய்ய, மற்ற இருவரும் பக்கத்தில் இருந்து "அப்பிடி நடக்கேல்லை" என்று குறுக்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள். யார் எதைச் சொன்னது என்று கனக்கப் பிரிக்கவில்லை. பேஸ் வாசிக்கிறவவை மட்டும் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் பெடல் அவவின்ர காலுக்குக் கீழேதான் வரப்போகிறது.

பிரச்சினை இதுதான். எங்களிடம் சொந்தப் பாட்டு என்று உருப்படியாக இருந்தது ஒன்று. அது போனவன் போட்ட பாட்டு. பதினாறு பார் கீபோர்ட் மட்டும்: ஈ மைனரில் தொடங்கி ஓயாமல் உருண்டுகொண்டே போகிற ஒரு சுரவரிசை. அதற்குப் பிறகுதான் ட்ரம்ஸ் விழும். பீடத்து மூன்றாம் வருசக்காரரின் பிரியாவிடைக்கு அந்தப் பாட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். ஆறு கிழமை இருந்தது. கிட்டாரில் அந்தத் தொடக்கத்தை வாசித்துப் பார்த்தோம்; ஏதோ கலியாண வீட்டு வீடியோ மாதிரி இருந்தது. போனில் ட்ராக் போட்டு வாசிக்கலாம் என்ற யோசனையை ஒருவர் சொல்ல, மற்ற இருவரும் பேசாமல் இருந்தோம். அவன் செத்துப்போனவன் மாதிரி அவன்ர சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நாங்கள் முன்னால் நிற்கிறதா?

அப்போதுதான் பேஸ்காரி சொன்னா, "எனக்கு ஒரு சின்த் பெடல் இருந்தால் அவன்ர பார்ட்டையும் சேர்த்து நானே வாசிப்பன்." கிட்டார்காரன் விடவில்லை. "சின்த் எல்லாம் வேண்டாம், ஒரு டிலே காணும்." இந்த வாக்குவாதம் ஒரு மாதம் ஓடியது.

கையிலிருந்த காசு 38,000 ரூபா. மகாபொல, ஓஎல் பிள்ளைகளுக்கு ரியூசன் சொல்லிக்கொடுத்தது, ஒரு சித்தி தந்தது, எல்லாம் சேர்த்துத்தான். 2022க்கு முன்னம் 200 ரூபாவாக இருந்த டொலர் இப்ப 300 ரூபாவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. வெளிநாட்டு யூடியூப்காரர் "வெறும் 200 டொலர்தான்" என்று சிரித்துக்கொண்டு காட்டுகிற பெடல், அனுப்புகிற செலவும் வரியும் சேரமுதலே எங்களுக்கு 60,000. ஆகவே இரண்டில் ஒன்றுதான். அதுவும் பழசாக இருந்தால்தான்.

தெரியாத ஆக்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பேஸ் கிட்டாருக்கும் அம்புக்கும் நடுவில், காலால் மிதித்துப் போட்டு நிற்பாட்டுகிற இரும்புப் பெட்டிதான் பெடல். டிலே பெடல் நீங்கள் வாசித்ததைப் பிடித்துவைத்து, கொஞ்சம் பிந்தித் திருப்பிச் சொல்லும். சின்த் பெடல் நீங்கள் வாசித்த சுரத்தை வைத்துக்கொண்டு வேறொரு சத்தத்தைத் தரும். முதலாவதில் நீங்கள்தான் திரும்பி வருகிறீர்கள், இரண்டாவதில் வேறு ஆள் வருகிறார். இந்த வித்தியாசம் எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

வாங்கமுதல் கேட்டுப் பார்க்கவேண்டும் என்று தீர்மானித்தோம். யாழ்ப்பாணத்தில் கடைக்குப் போய்ப் பத்துப் பெடலை மாற்றி மாற்றி மிதித்துப் பார்க்க வழியில்லை. ஆகவே கடன் வாங்கினோம். கொழும்பில் படிக்கிற ஒரு சிநேகிதி தன்ர சின்த் பெடலை ஒரு கிழமைக்கு பஸ்ஸில் பார்சலாக அனுப்பிவிட்டா. டிலேக்கு, கோயில் திருவிழாக்களில் விடியவிடிய வாசிக்கிற இசைக்குழு ஒன்றில் கனகாலம் பேஸ் வாசித்த ஒரு அண்ணையிடம் போனோம். கட்டிலுக்குக் கீழேயிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இழுத்து, துணியில் சுற்றியிருந்த பொஸ் டிடி-3 ஒன்றை எடுத்தார். வெள்ளைப் பெட்டி, நாலே நாலு குமிழ், மூலைகளில் பெயின்ற் உரிந்துபோய்.

"என்னத்தில கரண்ட் குடுக்கப் போறியள்?" என்று கேட்டார். வைஃபை ரூட்டரின்ர அடாப்டரைக் காட்டினோம். அதிலும் 9 வோல்ட் என்றுதான் போட்டிருந்தது, முனையும் பொருந்தியது. அண்ணை அதைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டு, திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

"தம்பியவை, இதைக் குத்தியிருந்தால் பெட்டியைத் தூக்கிக் குப்பையில போட்டிருக்கலாம். இதுக்கு நடுவில பிளஸ். பெடலுக்கு நடுவில மைனஸ் வேணும்."

அடாப்டரின் முதுகில் இருக்கிற அந்தச் சின்ன வட்டப் படத்தை அதுவரைக்கும் நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. பெடல் வாங்க யோசிக்கிற ஆக்கள் தயவுசெய்து முதலில் அதைப் பாருங்கோ. வோல்ட் சரியாக இருந்தால் மட்டும் காணாது. முனை எந்தப் பக்கம், பெடல் கேட்கிற மில்லிஅம்பியரை அடாப்டர் தருமா என்பதையும் பார்க்கவேண்டும். மில்லிஅம்பியர் கூட இருந்தால் பரவாயில்லை, குறைந்தால்தான் பிரச்சினை. பற்றரி போடலாம்தான், ஆனால் டிஜிட்டல் பெடல்கள் 9 வோல்ட் பற்றரியைத் தண்ணி மாதிரிக் குடிக்கும்.

முதல் மூன்று நாள் சின்த். சத்தியமாகச் சொன்னால், முதல் அரை மணித்தியாலம் எங்களுக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. நாலு கம்பியிலிருந்து விண்வெளிக் கப்பல் வந்தது, ஓர்கன் வந்தது, வயலின் கூட்டம் வந்தது. பக்கத்து வீட்டு அன்ரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து "பிள்ளையள், என்ன மெசின் அது?" என்று கேட்டா.

பாட்டோடு வாசிக்கத் தொடங்கியதும்தான் சிக்கல். ட்ரம்ஸ் முந்துது என்று பேஸ்காரி சொன்னா. பேஸ் பிந்துது என்று ட்ரம்ஸ்காரன் சொன்னான். அரை மணித்தியாலம் சண்டை. போனில் பதிந்து கேட்டால் இரண்டு பேரும் சரி, பெடல்தான் பிந்தியது. அந்தப் பெடலைக் குறை சொல்லவும் ஏலாது. பேஸின் ஆகக் கீழான ஈ கம்பி செக்கனுக்கு 41 தடவைதான் அதிருகிறது. ஒரு முழு அதிர்வுக்கு 24 மில்லிசெக்கன் எடுக்கும். இது என்ன சுரம் என்று கண்டுபிடிக்கிற பெடல், குறைந்தது ஒரு அலையாவது முழுசாக வந்து முடியும்வரை காத்திருக்கத்தானே வேண்டும்? அதே கம்பியில் பன்னிரண்டாவது கட்டையில் பிடித்தால் அதிர்வு இரட்டிப்பாகும், காத்திருக்கிற நேரம் பாதியாகும். ஆகவே சின்த் பெடலில் மேலே வாசித்து, ஒரு ஒக்ரேவ் கீழே இறக்கிக் கேட்கிறதுதான் தந்திரம் என்று கண்டுபிடித்தோம். கண்டுபிடித்தோம் என்பது பெருமைக்கு. பிறகு பார்த்தால் பேஸ் வாசிக்கிற எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

எல்லா சின்த் பெடலும் இப்படி வேலை செய்வதில்லை. எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் பேஸ் மைக்ரோ சின்த் மாதிரியானவை சுரத்தை அடையாளம் கண்டு புதுச் சத்தம் செய்வதில்லை. உங்கட சத்தத்தையே கீறி, சதுர அலையாக்கி, ஒக்ரேவ் சேர்த்து, ஃபில்டரால் வாயைத் திறந்து மூடுவதுபோல் ஆக்கித் தரும். விரலின் அழுத்தம் அதில் தெரியும். பொஸ் எஸ்வை-1 மாதிரியானவை மற்றப் பக்கம்: ஒரு குமிழில் வகை, இன்னொன்றில் அதன் பதினொரு மாதிரி, மொத்தம் 121 சத்தம், பேஸுக்கும் கிட்டாருக்கும் மாற்ற ஒரு சுவிட்ச். எது நல்லது என்று கேட்டால், நீங்கள் பேஸ்காரராகவே இருக்க விரும்பினால் முதல் வகை என்போம்.

இன்னொன்றும் நடந்தது. எங்களிடம் வந்திருந்த பெடல் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தைத்தான் பிடிக்கும். பக்கத்துக் கம்பி கொஞ்சம் அதிர்ந்தாலும் குழம்பி, தடிமன் பிடித்த ஆடு மாதிரிக் கத்தும். அப்போதுதான் பேஸ்காரிக்கு, தான் இவ்வளவு காலமும் வாசிக்காத கம்பிகளை ஒழுங்காக அமத்துவதில்லை என்று தெரிந்தது. மூன்று வருசமாக எங்கள் யாருக்கும் கேட்காத பிழை. அவவுக்கு அது சரியான அவமானமாக இருந்தது. ஆனால் அந்த மூன்று நாளில் அவவின்ர இடது கை மூன்று மாதத்துக்குப் படித்தது.

மூன்றாம் நாள் இரவு பாட் சத்தத்தைப் போட்டோம். போனவன் பாவித்த சத்தத்துக்குக் கிட்டத்தட்ட அதேதான். கண்ணை மூடினால் அவன் அந்த மூலையில் இருக்கிறமாதிரி. ஒரு நிமிசம் வடிவாக இருந்தது. பிறகு ட்ரம்ஸ் விழுந்தது, கிட்டார் வந்தது, பாட்டு அப்படியே காற்றுப்போன டயர் மாதிரி இருந்துவிட்டது. என்ன குறைகிறது என்று தேட நேரமெடுத்தது. பேஸ் இல்லை! அவன்ர இடத்தை நிரப்பப் போய் அவவின்ர இடம் காலியாகிவிட்டது. நேரடிச் சத்தத்தைக் கூட்டிக் கலந்து பார்த்தோம். 30 வாட் அம்பில், ஒரே ஸ்பீக்கரில் இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. இரண்டு அம்ப் இருந்தால் வேறு கதை. எங்களிடம் இருந்தது அதுவொன்றுதான்.

1978இல் வந்த பார்லமென்ட் குழுவின் 'ஃப்ளாஷ் லைட்' பாட்டைத்தான் பேஸ்காரி உதாரணம் காட்டிக்கொண்டிருந்தா. அதில் பேஸை பெர்னி வொரல் மூக் சின்தசைசரில் கையால் வாசித்தார், கம்பியே இல்லை. அதுதான் எங்களுக்கான பதிலும். அந்தச் சத்தத்துக்காக ஒரு கீபோர்ட்காரர் முழுநேரமும் இருந்தார்.

பிறகு டிலே. பேஸுக்கு டிலே போடாதே என்று இணையத்தில் கனபேர் சொல்லுவினம். அதில் பாதி உண்மை. கீழ்ச் சுரங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் சேறாகும். முதல் நாள் எங்களுக்கும் சேறுதான்: பேஸ்காரி வழமைபோல நிறைய வாசிக்க, பெடல் அதையெல்லாம் திருப்பிச் சொல்ல, எதுவும் விளங்கவில்லை. ஜமைக்காவின் டப் இசையில் எதிரொலியை வாரியிறைத்த கிங் டபியே ஸ்னேரையும் பாட்டுக் குரலையும் கிட்டாரையும்தான் பெரும்பாலும் எறிந்து விளையாடினார். பேஸ் நிலத்தில் நின்றது. பேஸ் நின்றபடியால்தான் மற்றதெல்லாம் பறக்கலாம். மற்றப் பக்கத்தில் பிங்க் ஃப்ளொய்டின் 1971 'மெடில்' தட்டில் முதல் பாட்டு 'ஒன் ஒஃப் தீஸ் டேய்ஸ்'. பின்சன் எக்கோரெக் என்கிற பழைய எதிரொலி மெசினுக்குள்ளால் போன பேஸ்தான் அந்தப் பாட்டே. ஆனால் என்ன வாசிக்கிறார்கள் என்று கேளுங்கோ. கிட்டத்தட்ட ஒரே சுரம். கையை மெசினுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

எனவே குறைத்தோம். ரிபீட் ஒன்றே ஒன்று. கழுத்தின் மேல்பகுதியில், டி, ஜி கம்பிகளில் மட்டும். இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு, கலைப்பீடத்துக்காரருக்கும் விளங்கும். 60,000ஐ பாட்டின் வேகத்தால் பிரித்தால் ஒரு அடிக்கு எத்தனை மில்லிசெக்கன் என்று வரும். எங்கட பாட்டு நிமிசத்துக்கு 96 அடி. ஒரு அடி 625 மில்லிசெக்கன். அதில் முக்கால் பங்கு 469. டிலேயை அந்த 469இல் வைத்துவிட்டு அடிக்கு இரண்டு சுரம் மட்டும் ஒழுங்காக வாசித்தால், எதிரொலிகள் சரியாக இடைவெளிகளில் போய் விழும். அடிக்கு நாலு சுரம் கேட்கும்.

அது எங்களுக்குக் கேட்ட நேரம் இரவு ஏழரை இருக்கும். கிட்டார்காரன் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டிருந்தான் (டிடி-3இல் எண் காட்டுகிற திரை இல்லை, காலால் தட்டி வேகம் கொடுக்கிற வசதியும் இல்லை, காதும் போன் மெட்ரோனோமும்தான்). திடீரென்று பூட்டுக்குள் திறப்புப் போனமாதிரி விழுந்தது. பேஸ்காரி பாதிச் சுரத்தைத்தான் வாசித்தா. மீதிப் பாதி தானாக வந்தது. அவன்ர பதினாறு பார் உருண்டது.

அப்படியே அல்ல. எதிரொலி எப்போதும் நீங்கள் ஏற்கெனவே வாசித்த சுரம்தானே, ஆகவே அவன்ர வரிசை அதே ஒழுங்கில் வராது. சில சுரங்களை மாற்றினோம். கோர்ட் மாறுகிற இடங்களில் பழைய கோர்டின் கடைசிச் சுரம் புதுக் கோர்டுக்குள் வந்து விழுந்து முகம் சுளிக்க வைத்தது. ஈ மைனரிலிருந்து சி மேஜருக்குப் போகமுதல் கடைசியாக ஜியை வைத்தால் இரண்டுக்கும் பொது, சண்டை வராது. இதற்கு இரண்டு கிழமை எடுத்தோம். பேஸ் மேலே போய்விட்டதால் கீழே யார் என்ற கேள்வி வந்தது. கிட்டார்காரன் தன்ர ஆறாவது கம்பியை வெறுமனே விட்டு நீட்டி நீட்டி அடித்தான். பேஸ்காரி மேலே, கிட்டார் கீழே. ட்ரம்ஸ் விழுகிற இடத்தில் அவ பெடலை மிதித்து நிற்பாட்டிவிட்டுத் தன்ர இடத்துக்கு இறங்கி வருவா.

ஒரு சிக்கல் மிஞ்சியது. டிலே யாருக்காகவும் நிற்காது. 96 என்றால் 96. எங்கட ட்ரம்ஸ்காரன் சந்தோசம் வந்தால் நூறைத் தாண்டுகிற ஆள், இதை அவன் தானே ஒத்துக்கொண்டு எழுதச் சொல்லுகிறான். தொடக்கம் முழுக்க மெட்ரோனோமை ஒரு காதில் போட்டுக்கொண்டு ஹை-ஹட்டை மெதுவாகத் தட்டச் சொன்னோம். குமிழின் அந்த இடத்தில் டிபெக்ஸால் ஒரு புள்ளி வைத்தோம், அண்ணையிடம் கேட்காமல்.

சின்த் பெடலைத் திருப்பி அனுப்பினோம். அண்ணையிடம் டிடி-3ஐ விலைக்குக் கேட்டோம். புள்ளியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. "பதினைஞ்சு தாங்கோ. ரெண்டு தரமாத் தந்தாலும் சரி." 15,000 ரூபா. அடாப்டர் ஒன்று, நல்ல வயர் இரண்டு. மிச்சக் காசு பேஸ்காரியின் பெயரில் இருக்கிறது. அவ சின்த்தை இன்னும் விடவில்லை, இரண்டாவது அம்ப் வரட்டும் என்கிறா.

வீட்டில் தனியாக வாசித்துப் பழகுகிற ஆக்களுக்கு நாங்கள் செய்ததைச் சொல்லமாட்டோம். நீங்கள் சூம் பி1 ஃபோர் மாதிரி ஒரு மல்டியை வாங்குங்கோ. டிலே, சின்த், டியூனர், தாளம் எல்லாம் ஒன்றுக்குள்ளேயே இருக்கும், நாலு சின்ன பற்றரியில் ஓடும், ஹெட்போன் போட்டால் பக்கத்து வீட்டு அன்ரியும் நித்திரை கொள்ளுவா. நாங்கள் வாங்காததற்குக் காரணம் தத்துவம் ஒன்றும் இல்லை. அண்ணையின் பெட்டி கையில் இருந்தது, அதில் பாட்டு ஏற்கெனவே விழுந்துவிட்டது.

பிரியாவிடை அன்று மண்டபத்தில் ஜெனரேட்டர். முதல் நாலு பாரில் பேஸ்காரியின் கை நடுங்கியது, அந்த நடுக்கத்தையும் பெடல் 469 மில்லிசெக்கன் கழித்து ஒழுங்காகத் திருப்பிச் சொன்னது. பிறகு சரியானது. மண்டபத்தில் இருந்தவர்களுக்கு ஒரு ஆள் குறைவு என்று தெரிந்திருக்காது என்று சொல்ல ஆசை. தெரிந்திருக்கும். முதல் வரிசையிலிருந்து ஒருத்தன் அவன்ர பெயரைச் சொல்லிக் கத்தினான்.

போனில் பதிந்ததை அன்றிரவே வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். அங்கே அவனுக்கு வேலை முடிகிற நேரம். இரண்டு நீல அடையாளமும் விழுந்து நாப்பது நிமிசம் பதிலே இல்லை. நாங்கள் மூன்று பேரும் கொக்குவில் சந்தியில் பிளேன்ரீ குடித்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு ஒரு குரல் பதிவு வந்தது. பஸ் சத்தத்துக்குள்ளே அவன்ர குரல்: "ஒம்பதாவது பாரில ஆர்ரா சுரத்தை மாத்தினது? அது என்ரயைவிட நல்லா இருக்கு. ட்ரம்ஸ் விழுந்தாப் பிறகு டெம்போ கூடிட்டுது, அவனிட்டச் சொல்லுங்கோ."